பேசும் கடிகாரம்

காலம் கண்ணுக்குத் தெரியும் பொருளன்று. அதனைக் கண்ணால் அறியும் பழக்கம் மக்களுக்குப் பிற்காலத்தில் வந்ததே. நிழலை அளந்து நாழிகை கணித்தவர்கள் பண்டும் இருந்தனர். ஆயினும் ஊர் முழுவதும் நேரத்தை அறிந்தது ஒலியால்தான். கோழி கூவினால் விடியல். கோயில் மணி ஒலித்தால் பூசை வேளை. பள்ளிவாசலிலிருந்து பாங்கு கேட்டால் இன்ன தொழுகை என்று அயலாரும் அறிவர். ஆலைச் சங்கு ஊதினால் தொழிலாளி மட்டுமன்றி, அவன் தெருவில் உள்ள அனைவரும் பொழுதை அறிந்துகொண்டனர். நம் சென்னை மாநகரில் 1792-ஆம் ஆண்டில் நுங்கம்பாக்கத்தில் வானாய்வு நிலையம் எழுந்தது. அங்கே விண்மீன்களைப் பார்த்துக் கணித்த நேரத்தைக் கோட்டையிலிருந்து ஒரு பீரங்கி முழங்கி ஊருக்கு அறிவித்த காலமும் உண்டு. பின்னர் வானொலி வந்தது. 'இப்பொழுது நேரம் ஆறு மணி நாற்பத்தைந்து நிமிடம்' என்ற குரலைக் கேட்டுப் பள்ளிக்குப் புறப்பட்ட தலைமுறை என்னுடையது.

இத்தகைய ஊரில் பார்வையற்றவர் ஒருவர் நேரம் அறிவதில் பிறருக்குச் சற்றும் குறைந்தவராக இருந்திருக்கமாட்டார். எல்லாருக்கும் உரிய ஒலி அவருக்கும் உரியதன்றோ? அவர் பின்தங்கியது எப்பொழுது? ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் ஓர் ஊமைக் கடிகாரம் ஏறிய பிறகுதான். பொதுவாக இருந்த நேரம் தனியுடைமை ஆயிற்று. காதுக்கு எட்டியது கண்ணுக்கு மட்டும் உரியதாயிற்று. அன்று முதல் அவர் பக்கத்தில் இருப்பவரிடம், 'மணி என்ன?' என்று கேட்க வேண்டியவரானார். ஒரு நாளைக்கு ஒரு முறை கேட்டால் அது சிறு செய்தி. வாழ்நாள் முழுவதும், நாளைக்குப் பத்து முறை கேட்க நேர்ந்தால் அது சிறு செய்தியன்று.

கடிகாரம் செய்தவர்கள் இக்குறையை முற்றிலும் மறந்தவர்கள் அல்லர். மின்விளக்கு இல்லாத காலத்தில், இரவில் விழித்தவர் எவரும் மணி தெரியாமல் தடுமாறத்தானே வேண்டும்? அதற்காக இங்கிலாந்தில் 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஒரு விசையை அழுத்தினால் மணியடித்து நேரம் சொல்லும் சட்டைப்பைக் கடிகாரம் தோன்றியது. அதனைக் கண்டவர் யார் என்று டேனியல் குவேர், எட்வர்ட் பார்லோ என்னும் இருவருக்கிடையே எழுந்த வழக்கு 1687-இல் அரசன் முன் சென்று குவேருக்குச் சாதகமாக முடிந்தது. ஒரு நூற்றாண்டு கழித்துப் பாரிஸ் நகரில் பிரெகே என்ற கைவினைஞர் தடவி அறியும் கடிகாரத்தைச் செய்தார். அது பார்வையற்றவர்களுக்காகச் செய்யப்பட்டதன்று. விருந்தில் அமர்ந்திருக்கும் பெருமக்கள், கடிகாரத்தை வெளியே எடுத்துப் பார்ப்பது நாகரிகமன்று என்று கருதிச் சட்டைப்பைக்குள்ளேயே தடவிப் பார்ப்பதற்காகச் செய்யப்பட்டது. இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறர் அறியாமல் நேரம் அறிதல் என்பது கண்ணுள்ளவர்களும் விரும்பிய ஒன்று.

நம் நாட்டில் பெங்களூரைச் சேர்ந்த எச்.எம்.டி. நிறுவனம் பிரெய்ல் கைக்கடிகாரம் செய்து விற்றது. அந்நிறுவனம் கைக்கடிகாரத் தொழிலைக் கைவிட்ட பின் டைட்டான் நிறுவனமும் அத்தகைய ஒன்றை வெளியிட்டது. இக்கடிகாரங்களின் கண்ணாடி மூடியைத் திறக்கலாம். முட்களையும் மணிக் குறிகளையும் விரல்நுனியால் தொட்டு நேரத்தை அறியலாம். பெரும்பாலும் பன்னிரண்டுக்கு மூன்று புள்ளிகள், மூன்று, ஆறு, ஒன்பதுக்கு இவ்விரண்டு புள்ளிகள், ஏனையவற்றுக்கு ஒவ்வொரு புள்ளி இருக்கும். அழகிய கருவி, ஓசையற்றது. ஆனால் நீரிழிவு நோயால் பார்வை இழந்தவர்கள் பலருக்கு விரல்நுனி உணர்ச்சியும் குறைந்துவிடுகிறது. அவர்களுக்கு இது பயன்படுவதில்லை.

1980-களில் பேசும் கைக்கடிகாரங்கள் சந்தைக்கு வந்தன. ஒரு பொத்தானை அழுத்தினால், 'பத்து நாற்பத்தைந்து' என்று ஆங்கிலத்தில் ஒரு குரல் சொல்லும். அதன் உட்பொருள் மிக எளிது. மணிக்கும் நிமிடத்துக்கும் வேண்டிய எண்கள் அறுபதுக்குள் அடங்கும். அவற்றை ஒருவர் குரலில் பதிந்து ஒரு சில்லில் வைத்துவிட்டால், நேரத்துக்கு ஏற்ற இரண்டு துண்டுகளை எடுத்து ஒட்டிச் சொல்லிவிடலாம். அக்கடிகாரத்துக்கு உண்மையில் பேசத் தெரியாது. கிளிப்பிள்ளைக்குச் சொன்னது போல அறுபது சொற்கள் தெரியும். அவ்வளவே.

இன்று நாம் 'ஸ்மார்ட் வாட்ச்' என்று வழங்கும் திறன்கடிகாரம் வேறு வகையைச் சேர்ந்தது. அது மணிக்கட்டில் கட்டிய ஒரு சிறு கணினி. மணி காட்டுவதோடு வந்த செய்தியைக் காட்டுகிறது. அழைப்பவர் பெயரைச் சொல்கிறது. நடந்த அடிகளை எண்ணுகிறது. நாடித் துடிப்பை அளக்கிறது. இவை அனைத்தும் வழவழப்பான ஒரு கண்ணாடிச் சில்லின் மேல் நிகழ்கின்றன. அங்கே தடவி அறிய ஒரு மேடு இல்லை, பள்ளம் இல்லை. பழைய தொலைபேசியின் பொத்தான்களை எண்ணிக் கணக்கிட்டு அழுத்திய விரல், இந்தக் கண்ணாடியின் மேல் வழியறியாமல் நின்றது.

இதற்கு வழி கண்டவர்களுள் ஒருவர் டி.வி. இராமன். அவர் பூனாவில் பிறந்து வளர்ந்தவர். கண்ணழுத்த நோயால் 14-ஆம் வயதில் பார்வையை இழந்தார். பம்பாயில் உள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் கணினி அறிவியல் பயின்று, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1994-இல் ஆய்வுப் பட்டம் பெற்றார். அடுக்கடுக்காக எழுதப்படும் கணிதச் சமன்பாட்டைக் காதால் கேட்டு விளங்கிக்கொள்ளும்படி கணினியைப் படிக்கச் செய்வது எவ்வாறு என்பது அவரது ஆய்வுப் பொருள். பின்னர்க் கூகுள் நிறுவனத்தில் சார்லஸ் சென் என்பவரோடு சேர்ந்து, கண்ணின் துணையின்றிக் கைப்பேசியை இயக்கும் வழிகளை ஆராய்ந்தார்.

அவர்கள் கண்ட உபாயம் ஒன்றைச் சொல்கிறேன். கண்ணாடியில் எண்கள் எங்கே உள்ளன என்று விரல் தேட வேண்டியதில்லை. விரல் முதலில் எங்கே படுகிறதோ, அந்த இடமே 5. அங்கிருந்து மேலே நகர்த்தினால் 2, கீழே நகர்த்தினால் 8, இடப்புறம் 4, வலப்புறம் 6, நான்கு மூலைத் திசைகளில் 1, 3, 7, 9. விரல் எண்ணைத் தேடிச் செல்லாமல் எண் விரலைத் தேடி வருகிறது! இக்கருத்தை முதன்முதலில் அறிந்தபொழுது, வகுப்பில் நல்ல விடை ஒன்றைக் கேட்டது போன்ற மகிழ்ச்சி எனக்கு உண்டாயிற்று.

இம்முயற்சியின் பயனாக 2009-இல் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் 'டாக்பேக்' என்னும் திரைவாசிப்பான் வந்தது. இன்று அதே வழிவந்த திறன்கடிகாரங்களிலும் அது இயங்குகிறது. கண்ணாடியின் மேல் விரலை மெல்ல நகர்த்தினால், விரலுக்குக் கீழே உள்ளதை அது படித்துச் சொல்லும். வேண்டியது கேட்டவுடன் எந்த இடத்திலாவது இருமுறை தட்டினால் அது திறக்கும். காண்பவர் கண்ணால் தேடி விரலால் தொடுகிறார். இவர் விரலால் தேடிக் காதால் தெரிந்துகொண்டு தட்டுகிறார். வேறுபாடு இவ்வளவே.

இனி, தமிழுக்கு வருவோம். அறுபது சொற்களைப் பதிந்து வைத்த பழைய கடிகாரத்துக்கு இலக்கணம் வேண்டியிருக்கவில்லை. ஆனால் யார் எழுதிய எந்தச் செய்தியையும் படிக்க வேண்டிய கடிகாரத்துக்கு எழுத்தை ஒலியாக்கும் விதிகள் தெரிந்திருக்க வேண்டும். தமிழில் ஓரெழுத்து இடத்துக்கு ஏற்பப் பல ஒலிகளைப் பெறும். 'கடல்' என்னும்பொழுது ககரம் வன்மையாக ஒலிக்கிறது. 'தங்கம்' என்னும்பொழுது மெல்லினத்தை அடுத்து மாறுகிறது. 'பகல்' என்னும்பொழுது மேலும் தளர்கிறது. நாம் குழந்தைப் பருவத்தில் கேட்டுக் கற்றதால் இதனை எண்ணிப் பார்ப்பதில்லை. கணினிக்கோ ஒவ்வொன்றையும் விதியாக எழுதித் தர வேண்டும். விதி எழுதியும் போதாது. கம்பனும் காந்தியும் ககரத்தில் தொடங்குகின்றனர். இருவரையும் ஒரே ஒலியால் தொடங்கினால் காந்தியின் பெயர் கெடும். ஆகவே விதிவிலக்குகளின் பட்டியலும் வேண்டும்.

இந்தப் பணியை இருவேறு முறைகளில் செய்திருக்கிறார்கள். ஒன்று, மனிதக் குரலைப் பல மணி நேரம் பதிந்து, அதனை அசை அசையாகப் பிரித்து, வேண்டியவாறு கோத்துப் பேச வைப்பது. நம் கிண்டியில் உள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் ஹேமா மூர்த்தியின் தலைமையில், நாட்டின் பல கல்வி நிறுவனங்கள் கூடி 2009-ஆம் ஆண்டளவில் தொடங்கித் தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளுக்கு இத்தகைய குரல்களை உருவாக்கின. அவை கணினித் திரைவாசிப்பான்களோடு இணைக்கப்பட்டன. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் உருவாகி யாவரும் எடுத்து ஆளலாம் என்று வழங்கப்பட்ட 'பெஸ்டிவல்' என்னும் மென்பொருள் அப்பணிக்கு அடித்தளமாக உதவியது.

மற்றொரு முறை, மனிதக் குரலை நம்பாமல் கணக்கினாலேயே ஒலியை உண்டாக்குவது. இங்கிலாந்தைச் சேர்ந்த ஜோனதன் டடிங்டன் என்பவர் எழுதிய 'ஈஸ்பீக்' இவ்வகையினது. இன்று பலர் கூடி அதனைப் பேணி வருகின்றனர். அதன் குரலில் இனிமை இல்லை. இயந்திர வாடை அடிக்கும். ஆயினும் நூற்றுக்கு மேற்பட்ட மொழிகளைத் தாங்கிய அது மிகச் சிறிய இடத்தில் அடங்கிவிடும். தமிழும் அவற்றுள் ஒன்று. நினைவகமும் மின்கலமும் சிறுத்த கடிகாரத்துக்கு இச்சிறுமையே பெருமை. மேலும், பழகிய பார்வையற்றோர் பலர் இனிய குரலைவிட இக்குரலையே விரும்புகின்றனர். எவ்வளவு விரைவாக ஓட்டினாலும் சொற்கள் சிதையாமல் கேட்கின்றனவாம். அவர்கள் கேட்கும் விரைவில் எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை என்பது வேறு.

தேனாம்பேட்டையில் உள்ள என் இல்லத்துக்கு என் பழைய மாணவர் ஒருவர் அவ்வப்பொழுது வருவார். அவருக்குப் பார்வை இல்லை. இப்பொழுது ஓர் அரசுப் பள்ளியில் தமிழாசிரியர். அவர் திறன்கடிகாரம் வாங்கியதன் காரணத்தைக் கேட்டேன். "ஐயா, வகுப்பு முடிய எத்தனை நிமிடம் இருக்கிறது என்று பிள்ளைகளைக் கேட்டுப் பாடம் நடத்தி வந்தேன். குறும்பர்கள் பத்து நிமிடம் கூட்டியே சொல்வார்கள்" என்றார். ஆசிரியரின் நேரம் மாணவர் கையில் இருப்பது எத்தகைய சங்கடம் என்பது ஆசிரியப் பணியில் இருந்தவர்க்கே விளங்கும்.

பேசிக்கொண்டிருந்தபொழுது பகல் ஒரு மணி ஆயிற்று. அவர் கடிகாரத்தைத் தொட்டார். அது 'ஒன்று மணி' என்றது. இருவரும் சிரித்துவிட்டோம். எண்ணுப்பெயர் பிற பெயரோடு புணரும்பொழுது திரியும் முறையைத் தொல்காப்பியர் குற்றியலுகரப் புணரியலில் விரித்துச் சொல்லியிருக்கிறார். 'ஒன்று' என்பது பெயருக்கு முன் 'ஒரு' என்றாகும் என்பதைத் தமிழ்க் குழந்தை மூன்று வயதில் அறியும். அந்த மென்பொருளில் அவ்விதியை எழுதியவர் இல்லை.

இது எவ்வளவு பெரிய பிழை? கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு மணி, பதினொரு மணி ஆகிய இரண்டிலும் மணிப்பெயர் பிழைபடும். இவை நாளுக்கு இருமுறை வருவதால் நான்கு மணி நேரம், அதாவது 240 நிமிடங்கள். எஞ்சிய 20 மணி நேரத்தில், ஒவ்வொரு மணியிலும் 1, 11, 21, 31, 41, 51 என்னும் ஆறு நிமிடங்கள் பிழைபடும், அவை 120. மொத்தம் 360. ஒரு நாளின் 1440 நிமிடங்களில் இது சரியாகக் கால் பங்கு! ஒரு சிறு புணர்ச்சி விதியை விட்டதனால் நாளில் கால் பங்கு நேரம் கடிகாரம் தமிழைப் பிழைபடப் பேசுகிறது.

பூட்டிய மென்பொருளாக இருந்தால், இதனை அறிந்தவர் கடிதம் எழுதிவிட்டுக் காத்திருக்கத்தான் முடியும். நல்வாய்ப்பாக, அக்கடிகாரத்தில் தமிழைப் பேசியது திறந்த மூல மென்பொருள். மென்பொருள் எதுவாயினும் முதலில் மனிதர் படிக்கத்தக்க நிரலாகவே எழுதப்படுகிறது, அதுவே மூலநிரல். பின்னர் அது பொறிக்கு மட்டும் விளங்கும் வடிவமாக மாற்றப்படுகிறது. பெரும்பாலான நிறுவனங்கள் பின்னதை மட்டும் விற்று முன்னதைப் பூட்டி வைக்கும். திறந்த மூல மென்பொருளை எழுதியவர்கள் மூலநிரலையும் வெளியிட்டு, யாரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறர்க்கும் வழங்கலாம் என்று உரிமம் தந்துவிடுகிறார்கள். விலையில்லாமல் கிடைப்பது இதன் ஒரு பயன் மட்டுமே. திருத்தும் உரிமையே என் கருத்தில் தலையாயது. ஈஸ்பீக்கை எடுத்துக்கொண்டாலும், தமிழ் உச்சரிப்பு விதிகள் ஒரு கோப்பிலும், விதிவிலக்குகளும் எண்ணுப்பெயர்களும் மற்றொரு கோப்பிலும் வெளிப்படையாக எழுதப்பட்டுள்ளன. கல்லூரி மாணவர் எவரும் அவற்றைத் திறந்து பார்க்கலாம். தமிழிலக்கணம் படித்து என்ன பயன் என்று கேட்பவர்களை நான் இப்பொழுதெல்லாம் அங்கே அனுப்பி வைக்கிறேன்.

என் மாணவர், பொறியியல் பயிலும் தம் உறவினர் பிள்ளையைத் துணைக்கு வைத்துக்கொண்டு, 'ஒன்று' என முடியும் எண்ணுக்குப் பின் 'மணி'யோ 'நிமிட'மோ வந்தால் 'ஒரு' என்று திரிக்கும் விதியை எழுதி அனுப்பினார். அதனைப் பேணுவோர் சில ஐயங்களைக் கேட்டனர். இவர் விடை எழுதினார். சில மாதங்களுக்குப் பின் வந்த புதுப் பதிப்பில் அவ்விதி இடம்பெற்றது. தமிழகத்தில் எந்த மூலையிலோ உள்ள, இவர் அறியாத ஒருவரின் கடிகாரமும் அன்று முதல் 'பதினொரு மணி' என்று சொல்லும்.

பார்வையற்றவர்கள் பிறர் செய்து தரும் கருவிக்காகக் கைநீட்டி நிற்பவர்கள் என்ற எண்ணம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. அது பிழையானது. டி.வி. இராமனைச் சொன்னேன். 2006-இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன், ஜேம்ஸ் டே என்னும் இரண்டு பார்வையற்ற இளைஞர்கள், விற்பனைக்கு இருந்த திரைவாசிப்பான்களின் விலையைப் பொறாமல் 'என்.வி.டி.ஏ.' என்னும் திரைவாசிப்பானைத் தாமே எழுதத் தொடங்கித் திறந்த மூலமாக வெளியிட்டனர். இன்று தமிழகத்துப் பார்வையற்ற மாணவர்கள் பலர் கணினியில் பாடம் படிப்பது அதன் வழியேதான்.

குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். டாக்பேக்கின் மூலநிரல் வெளியிடப்பட்டுள்ளது என்பதற்காக, அது இயங்கும் கடிகாரம் முழுவதும் திறந்தது என்று கொள்ளக் கூடாது. கூகுளின் கடிகார மென்பொருளில் பல பகுதிகள் பூட்டியே இருக்கின்றன. முழுவதும் திறந்த மென்பொருளில் ஓடும் 'பைன்டைம்' போன்ற மலிவான கடிகாரங்களும் உண்டு. ஆனால் அதில் ஒலிபெருக்கி இல்லை, அதிரத்தான் தெரியும். முழுவதும் திறந்ததாகவும், தமிழ் பேசுவதாகவும், மாணவர் வாங்கக்கூடிய விலையினதாகவும் ஒரே கடிகாரம் வேண்டுமென்றால் அதற்கு இன்னும் உழைக்க வேண்டும். மின்கலமும் ஒரு தொல்லை. பேசும் கடிகாரத்துக்கு அடிக்கடி மின்னேற்ற வேண்டும். அண்ணா சாலையில் மாலை வேளையில் பேருந்துக்கு நிற்பவர்க்கு மணிக்கட்டின் குரல் கேட்கவும் செய்யாது. அங்கே அதிர்வே நல்லது; நீண்ட அதிர்வும் குறுகிய அதிர்வும் கொண்டு நேரத்தை உணர்த்தும்படி சில கடிகாரங்களில் அமைத்துள்ளனர். பிரெகேயின் விருந்தினர் விரும்பிய மறைவும் இதில் கிடைக்கிறது.

மாணவர்களாகிய உங்களுக்கு நெருங்கிய ஓர் இடம் உண்டு. அதுவே தேர்வு மண்டபம். ஜெமினி மேம்பாலத்தின் அருகில் உள்ள லிட்டில் பிளவர் கான்வென்ட் பள்ளியிலும், அடையாற்றுச் செயின்ட் லூயிஸ் பள்ளியிலும், பூந்தமல்லி அரசுப் பள்ளியிலும் பயிலும் பார்வையற்ற மாணவர்கள் சொல்வதை எழுதுவதற்கு ஒருவரை வைத்துக்கொண்டு தேர்வு எழுதுகின்றனர். இத்தகையோர்க்கு ஒரு மணிக்கு 20 நிமிடங்களுக்குக் குறையாத கூடுதல் நேரம் தர வேண்டும் என்று மத்திய சமூக நீதி அமைச்சகம் 2013 பிப்ரவரியில் வெளியிட்ட நெறிமுறைகள் வகுத்தன. மூன்று மணி நேரத் தேர்வு அவர்களுக்கு நான்கு மணி நேரம். ஆனால் கொடுத்த நேரம் எவ்வளவு கழிந்தது, எவ்வளவு எஞ்சியுள்ளது என்று தாமே அறிய வழியில்லாதவர்க்கு, எந்த வினாவுக்கு எத்தனை நிமிடம் ஒதுக்குவது என்ற திட்டம் எப்படிக் கைகூடும்? எழுதுபவரை ஒவ்வொரு முறையும் நிறுத்திக் கேட்டால் எழுத்தும் தடைப்படும், எண்ணமும் தடைப்படும்.

திறன்கடிகாரத்தைத் தேர்வு மண்டபத்தில் பொதுவாக அனுமதிப்பதில்லை. அவ்விதி சரியானதே, செய்தி அனுப்பவும் பெறவும் வல்ல கருவியை யாருக்கும் அங்கே தரலாகாது. ஆகவே அந்த நான்கு மணி நேரத்துக்கு மட்டும் பழைய பிரெய்ல் கைக்கடிகாரமே துணை. தேர்வு மையத்தின் தலைமைக் கண்காணிப்பாளர்கள் இதனை முன்னரே அறிந்து, வாயிலில் நிற்பவர்களுக்கும் சொல்லிவைப்பது நல்லது. அக்கடிகாரத்தில் கம்பியில்லை, நினைவகமில்லை, குரலில்லை. கண்ணாடி மூடியைத் திறந்து ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே விடலாம்.